முழம் போடுவது யார் கை?

மல்லிகைப்பூவுக்கு முழம் போடுவது பூக்காரம்மாவின் கை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஒரு முழம் என்பது கணக்கு. முகூர்த்த நாளில் அந்தக் கை கொஞ்சம் மடங்கிக்கொள்ளும். அதற்காகக் கோயில் வாசலில் யாரும் மல்லுக்கு நிற்பதில்லை, நிற்கவும் வேண்டாம். போனால் பத்து ரூபாய். அதே அசட்டை நகைக்கடைக்கும் பத்திரப் பதிவுக்கும் கூடவே வரும்போதுதான் கையைக் கடிக்கிறது.

வீசை, பலம், தோலா, படி, உழக்கு ஆகியவற்றுக்கு விடைகொடுத்து, மெட்ரிக் முறைக்கு வழிவிட்டது 1956ஆம் ஆண்டுச் சட்டம். இப்போதுள்ள 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி விலை சொல்வதும் விற்பதும் மெட்ரிக் அலகில்தான் இருக்க வேண்டும். ஆனாலும் சந்தையில் படி செத்துவிடவில்லை. கோபுரமாக அளந்தால் ஒரு படி, தலைதட்டினால் வேறொரு படி!

தங்கத்தில் சவரன் என்றால் 8 கிராம். அந்தப் பெயரைத் தந்த பிரிட்டிஷ் நாணயத்தின் எடையோ 7.988 கிராம். சவரன் கணக்கில் பேசுவதில் தவறில்லை, பில் கிராமில் இருக்கட்டும். கல்லின் எடை தனி, தங்கத்தின் எடை தனி என்று பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். இல்லையேல் கண்ணாடிக் கல்லுக்கும் தங்க விலை கொடுத்ததாகிவிடும்.

நிலத்தில் குழப்பம் இன்னும் அதிகம். தரகர் கிரவுண்ட் என்பார், உரிமையாளர் சென்ட் என்பார், பட்டாவோ ஹெக்டேர், ஏர்ஸ் என்று பேசும். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய ஐந்தரை சென்ட். ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர். அப்படியானால் ஒரு கிரவுண்ட் மனைக்குப் பட்டாவில் 2.23 ஏர்ஸ் இருக்க வேண்டும். 2.00 என்று இருந்தால் சுமார் 247 சதுர அடியைக் காணோம். ஒரு நல்ல படுக்கையறையே போய்விட்டது.

பாருக்கு வருவோம். ஸ்மால் 30 மில்லி, லார்ஜ் 60 மில்லி என்பது வழக்கம். குவார்ட்டர் 180 மில்லி. நாலு குவார்ட்டர் சேர்ந்தால் 720தான், 750 மில்லி ஃபுல் ஆகாது. இதில் ஏமாற்று இல்லை, லேபிளிலேயே அச்சிட்டிருக்கிறது. வம்பு கண்ணளவில் ஊற்றும் பெக்கில்தான். ஐஸும் சோடாவும் விழுந்த பிறகு 30 மில்லியையும் 22 மில்லியையும் எந்தக் குடிமகனாலும் பிரித்துச் சொல்ல முடியாது. முத்திரையிட்ட அளவுக் குவளையில், கண்முன்னே, ஐஸுக்கு முன் ஊற்றச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. கடையில் பாட்டிலாக வாங்கும்போது அச்சிட்ட விலைக்கு மேல் கேட்பதும் விதிமீறலே.

இனிப்புக் கடையில் அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுப்பதும் எடைக்குறைவுதான். பெட்ரோல் அளவில் சந்தேகம் வந்தால் பங்க்கில் உள்ள 5 லிட்டர் அளவைக் கலத்தில் பிடித்துக் காட்டச் சொல்லலாம். தமிழ்நாட்டில் எடையளவுப் புகார்களைக் கவனிப்பது தொழிலாளர் துறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், பில்லையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.