போடி இரயில் பாதையும் விவசாயிகளின் சரக்கும்

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை செல்லும் சுமார் 90 கிலோ மீட்டர் இருப்புப்பாதை 1928-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ஏலமலைச் சரக்கைச் சமவெளிக்குக் கொண்டு வருவதே அதன் முக்கிய நோக்கம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே வண்டி மீண்டும் ஓடிற்று. அகலப் பாதையாக மாற்றும் பொருட்டு 2010 டிசம்பர் இறுதியில் மறுபடியும் நிறுத்தப்பட்ட போக்குவரத்து, 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூன் 15-ந் தேதி போடி வரையிலும் தொடங்கியது. பிரயாணிகளுக்கு இதனால் விளைந்த சௌகரியம் வெளிப்படை. சரக்குக்கும் இப்பாதை பயன்படுமா என்பதே நிலமுடையோர் ஆராய வேண்டிய விஷயம்.

ஏலக்காயை நம்பிப் பயனில்லை. அது எடை குறைந்து விலை மிகுந்த சரக்கு. ஏலம் முடிந்ததும் வியாபாரியின் கிடங்கு வாசலிலேயே லாரி ஏற்றிக்கொள்கிறது. அதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக யாருக்கும் அவசியமில்லை.

வாழையும் திராட்சையும் எடை மிகுந்தவை. ஆனால் அவை விளையும் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் ஆகிய ஊர்களைப் பாதை தொடவில்லை. லாரியில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இரண்டே முறை கை படும் வாழைத்தார், இரயிலில் அனுப்பினால் நான்கு அல்லது ஆறு முறை கை மாறும். ஒவ்வொரு முறையும் காய் கன்றும். மேலும், சென்னைக்குச் செல்லும் விரைவு வண்டி 2023-ல் தொடங்கியபோது வாரத்தில் மூன்று நாட்களே ஓடிற்று. தினந்தோறும் அறுவடையாகும் சரக்குக்கு இது ஒவ்வாது.

ஆகவே வெளியே செல்லும் சரக்கைக் காட்டிலும், உள்ளே வரும் சரக்கிலேயே முதலில் கவனம் செலுத்துவது உசிதம். உரம் அத்தகையது. தோட்டக்கால் வாழைக்கு மரம் ஒன்றுக்குச் சிபாரிசு செய்யப்படும் சாம்பல் சத்து 330 கிராம். ஏக்கருக்கு ஆயிரம் மரமென்று கொண்டால் 550 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை பதினொன்று, பொட்டாஷ் உரம் வேண்டும். மூடு வாகன்கள் கொண்ட முழு ரேக் ஒன்று சுமார் 2,500 டன் ஏற்றும். அவ்வளவும் பொட்டாஷாகவே இருந்தால் ஏறக்குறைய 4,500 ஏக்கர் வாழைக்கு ஓராண்டுத் தேவை தீரும். தனித்தனிக் கிராமங்களால் இது ஆகாது. பல தாலுகாக்கள் சேர்ந்தால் ஆகக்கூடியதே. பொட்டாஷ் கப்பலில் வரும் பொருள். தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து மதுரை மார்க்கமாகப் போடி வரை இப்போது ஒரே அகலப் பாதை. மீட்டர் பாதையின் கடைசி ஆண்டுகளில் மதுரையில் இருந்த அகல வேற்றுமை ஒழிந்தது.

இதற்கு வேண்டியவை: முழு ரேக் நிற்கச் சுமார் 700 மீட்டர் நீளமுள்ள பக்கப்பாதை, லாரி திரும்பும் இடம், மழைக்கு ஒதுங்கும் கூரை. கூரையில்லாத மேடையில் இறக்கிய உரமூட்டை ஐப்பசி மழையில் என்னவாகும் என்பதை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இவற்றைக் கோருமுன், இவ்வளவு சரக்கு நிச்சயம் வரும் என்று இரயில்வேக்குக் காட்ட வேண்டும். கிராம அதிகாரிகளின் அடங்கலில் பயிர்வாரி விஸ்தீரணம் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொண்டு கூட்டுறவுச் சங்கங்கள் பருவத்துக்கு மூன்று மாதம் முன்பாகவே தத்தம் தேவையை எழுதி ஒன்றாகச் சேர்த்து அனுப்பலாம்.