கடைசி முடிவு யாருடையது?

பிழைக்க வழியில்லாத நோயாளிக்குச் சிகிச்சையை எதுவரை தொடர்வது, எப்போது நிறுத்துவது என்ற கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருப்பது, அதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு என்பதே.

திருச்சி வட்டாரத்துக்கு இது பழைய கேள்வி. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழன், தன் மகன்களோடு மூண்ட பகைக்குப் பின் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாநோன்பிருந்து, உயிர்விட்டதைப் புறநானூறு சொல்கிறது. உடன் வடக்கிருக்க விரும்பிய புலவர் பொத்தியாரை, மனைவி கருவுற்றிருந்ததால், மகன் பிறந்தபின் வரும்படி அவன் திருப்பி அனுப்பினான். சாகத் துணிவது ஒருவரின் சொந்த முடிவு என்றாலும், அவரை நம்பியிருப்பவர்களையும் அதில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

தென் மாவட்டங்களில் பேசப்படும் தலைக்கூத்தல் இதற்கு நேர் எதிரானது. படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரை மேலும் மேலும் புகட்டிச் சாவை வரவழைப்பார்கள். கருணை என்று சொல்லப்பட்டாலும், அங்கே முதியவரின் சம்மதத்துக்கு இடமில்லை. சட்டத்தின் கண்ணில் அது கொலை. கருணைக்கொலை என்றதும் பலர் அஞ்சுவது இதை நினைத்துத்தான். அந்த அச்சம் நியாயமானது.

வென்டிலேட்டரை விலக்குவதும் கொலைதானே என்று கேட்பவர்கள் உண்டு. விஷ ஊசி போட்டால் உயிரைப் பறிப்பது ஊசி. பயனற்றுப்போன கருவியை விலக்கினால் உயிரைக் கொண்டுபோவது நோய். இரண்டிலும் விளைவு ஒன்றுதானே என்று வாதிடும் தத்துவவாதிகளும் இருக்கிறார்கள்; ஆனால் இந்தியச் சட்டம் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973-ல் நடந்த தாக்குதலில் நினைவிழந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2011-ல் தள்ளுபடி செய்தது. மனு போட்ட எழுத்தாளரைவிட, பல்லாண்டுகள் அவரைப் பராமரித்த மருத்துவமனை ஊழியர்களுக்கே அவர் சார்பில் பேசும் தகுதி உண்டு என்றது. அதே தீர்ப்பு, சிகிச்சையை விலக்குவதைக் கட்டுப்பாடுகளோடு ஏற்றது. அருணா 2015-ல் இறந்தார்.

கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. 'லிவிங் வில்' எனப்படும் முன்விருப்ப ஆவணமும் அதனால் செல்லுபடியானது. மாஜிஸ்திரேட்டின் கையெழுத்து வேண்டும் என்ற நிபந்தனையால் அதை எழுதுவது கடினமாக இருந்தது. 2023-ல் அது தளர்த்தப்பட்டது. இன்று திருச்சி அரியமங்கலத்தில் இருக்கும் ஒருவர், இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும்.

எழுதி வைத்தாலும் உடனே கருவியை விலக்கிவிட மாட்டார்கள். சிகிச்சை தரும் மருத்துவரும் குறைந்தது இரண்டு நிபுணர்களும் கொண்ட குழு முதலில் பார்க்கும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் இடம்பெறும் இரண்டாவது குழு அதைச் சரிபார்க்கும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும்.

ஆவணம் இல்லாதபோது குடும்பத்தின் சம்மதம் கேட்கப்படும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். ஐ.சி.யூ. வாசலில் பிள்ளைகள் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஏறிக்கொண்டே போகும் பில் ஒருபுறம், 'காசுக்காக விட்டுட்டாங்க' என்ற ஊர்ப்பேச்சு மறுபுறம். அப்பாவுக்கு எது வேண்டும் என்பது அந்த இரைச்சலில் காணாமல் போகிறது. தெளிந்த மனநிலையில் அவரே எழுதி வைத்த தாள் பிள்ளைகளின் பாரத்தைக் குறைக்கும். மனம் மாறினால் அதை எப்போது வேண்டுமானாலும் எழுத்துமூலம் திரும்பப் பெறலாம்.