நூறு வரை சொல்லும் பிள்ளைக்கு அஞ்சு தெரியுமா?

போன மாசி மாசம் நத்தத்தில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தோம். திண்ணையில் சாக்கை விரித்து அம்மா புளி தட்டிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் புளி, ஒரு பக்கம் ஓடு, ஒரு பக்கம் முத்து. என் நாலு வயசு மகள் முத்துக் குவியலில் உட்கார்ந்து அளைந்துகொண்டிருந்தாள்.

"அம்மாச்சிக்கு அஞ்சு முத்து எடுத்துக் குடு சாமி."

ஒரு கை நிறைய அள்ளிக் கொடுத்தாள். எண்ணிப் பார்க்கச் சொன்னோம். "ஒன், டூ, த்ரீ..." என்று வேகமாகப் போனது. சில முத்தை ரெண்டு தடவை தொட்டாள், சிலதைத் தொடவே இல்லை. "சரி, மொத்தம் எத்தன?" என்றால் மறுபடி "ஒன், டூ..."

அம்மா என்னைப் பார்த்தார். "ஏண்டி, நூறு வரைக்கும் சொல்றான்னு போன்ல வீடியோ அனுப்புனியே?"

ஆமாம், அனுப்பினேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் அதே பிள்ளை, பள்ளியில் கொடுத்த "1 முதல் 50 வரை எழுது" வீட்டுப்பாடத்துக்கு நோட்டைத் திறந்தாலே அழ ஆரம்பித்திருந்தாள். இவளுக்குக் கணக்கு வராதோ என்று ஒரு பயம் எனக்குள் வந்திருந்தது. ஊரிலிருந்து திரும்பியதும் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்ததன் குறிப்புதான் இது.

சொல்வது வேறு, எண்ணுவது வேறு

கெல்மன், கேலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் குழந்தை எப்படி எண்ணுகிறது என்று 1978-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். எண்ணுவதற்குள் பல தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன என்கிறார்கள். அதில் முக்கியமானவை மூன்று. எண்களை எப்போதும் ஒரே வரிசையில் சொல்ல வேண்டும். ஒரு பொருளுக்கு ஒரு எண்தான். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். என் மகளிடம் இருந்தது முதலாவது மட்டும். அது பாட்டை மனப்பாடம் செய்வது மாதிரி.

நாங்கள் திண்ணையில் தெரியாமல் செய்தது ஒரு பிரபலமான சோதனையாம். 1990-களின் தொடக்கத்தில் கேரன் வின் என்பவர் குழந்தைகளிடம் "இத்தனை கொடு" என்று கேட்டுப் பார்த்தார். பத்து வரை சரளமாகச் சொல்லும் பிள்ளைகளும் மூணு கேட்டால் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்தார்கள். முதலில் ஒண்ணு புரிகிறது, பல மாதம் கழித்து ரெண்டு, அப்புறம் மூணு. அதற்குப் பிறகுதான் எண்ணுவது எதற்கு என்பதே பிடிபடுகிறது. ஆக என் மகளுக்குக் குறை ஒன்றுமில்லை. எல்லாப் பிள்ளைகளும் நடக்கிற வழியில்தான் அவளும் நடக்கிறாள். நான்தான் வழியைப் பார்க்காமல் நூறைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு மட்டும் போதுமா?

'அப்ப விளையாட விட்டாப் போதும்' என்று எனக்கும் முதலில் தோன்றியது. அங்கேதான் ஒரு திருப்பம். டெல்லியில் பிரதம் அமைப்போடு சேர்ந்து எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 214 பாலர் பள்ளிகளில் ஒரு ஆய்வு நடத்தினார்கள். முடிவு 2017-ல் வெளியானது. நாலு மாதம் கணக்கு விளையாட்டு ஆடிய பிள்ளைகளுக்கு எது அதிகம், எது குறைவு என்று கண்ணால் மதிப்பிடும் திறன் கூடியது. ஒரு வருஷத்துக்கு மேலும் அது நிலைத்தது. ஆனால் பள்ளிக்கூடக் கணக்கில் அந்த முன்னேற்றம் நிலைக்கவில்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது: கையில் இருக்கும் முத்தும், வாயில் வரும் சொல்லும், நோட்டில் இருக்கும் இலக்கமும் தானாக ஒட்டிக்கொள்ளாது. பக்கத்தில் உட்கார்ந்து யாராவது ஒட்டவைக்க வேண்டும்.

வீட்டில் செய்வது

1. தட்டு வைக்கிற வேலை அவளுடையது. ஆளுக்கு ஒரு தட்டு. "நாலு பேரு, நாலு தட்டு" என்று முடிவில் மொத்தத்தை நான் சத்தமாகச் சொல்வேன்.

2. பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு அஞ்சு முத்து. குழிக்கு ஒண்ணாகப் போட்டுக்கொண்டே போவதால் தாவவும் முடியாது, ரெண்டு தடவை தொடவும் முடியாது. குழியில் நாலு சேர்ந்தால் 'பசு', எடுத்துக்கொள்ளலாம். மூணு வரை எண்ணாமலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். நாலைத் தவறவிடாமல் பார்க்கத்தான் பழக்கம் வேண்டும். பசுவுக்கு ஆசைப்பட்டே அது அவளுக்கு வந்துவிட்டது.

3. எண்ணுவது தமிழில். பதினொண்ணு, பதிமூணு, பதினாலு என்று சொல்லும்போதே பத்து காதில் விழுகிறது. 'லெவன், ட்வெல்வ்' அதை மறைத்துவிடுகிறது. சீன, அமெரிக்கக் குழந்தைகளை ஒப்பிட்டு 1995-ல் வந்த ஆய்விலும் பத்து வரை பெரிய வித்தியாசம் இல்லை, பத்தைத் தாண்டும்போதுதான் அமெரிக்கக் குழந்தைகள் பின்தங்கினார்கள். சீன மொழியிலும் பதினொன்று என்பது பத்து-ஒன்றுதான். ஆங்கிலம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொருள் புரிந்த பிறகு பெயர் எந்த மொழியிலும் ஒட்டும்.

4. இலக்கம் கடைசியில். பழைய காலண்டர் தாளில் எண்களைக் கிழித்து வைத்திருக்கிறேன். 4 என்ற தாள்மேல் நாலு முத்து வைக்க வேண்டும். எழுதுவது அதற்கப்புறம்.

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். அவள் எழுந்து போனால் விட்டுவிடுவேன்.

பள்ளியில் ஆசிரியையிடம் பேசினேன். ஐம்பது வரை எழுதும் வீட்டுப்பாடம் நிற்கவில்லை, ஆனால் பத்தோடு நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார். சித்திரையில் மாம்பழத்துக்காக மறுபடி நத்தம் போனோம். அம்மா அஞ்சு முத்து கேட்டார். ஒவ்வொன்றாக எண்ணி அஞ்சு கொடுத்தாள். "எத்தன சாமி?" "அஞ்சு." ஏழு கேட்டபோது எட்டு வந்தது. அம்மா ஒண்ணைத் திருப்பிக் கொடுத்தார். "இப்பச் சரியா?" என்று கேட்டுவிட்டு, அவளே மறுபடி எண்ணத் தொடங்கினாள்.