திருவாசகமும் மேனாட்டுப் பல்லியமும்

இசைஞானி இளையராஜா அவர்களின் திரைப்பாடல்களைப் பற்றி நம்மவருள் கருத்து வேற்றுமை அரிது. ஆனால் 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ‘திருவாசகம்’ என்னும் அவரது இசைத்தொகுப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலோ, பவானிபூர் இல்லங்களில் காப்பி ஆறிப்போகுமே தவிர வாதம் ஆறுவதில்லை!

புடாபெஸ்ட் சிம்பொனிக் குழுவினர் வாசிக்க, ஆறு பாடல்களாக அமைந்தது அது. சிவபுராண அடிகளைக் கொண்ட பாடல் ஏறத்தாழ 20 நிமிடம் நீள்கிறது. அதனிடையே ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் இயற்றிய ஆங்கில வரிகளும் ஒலிக்கின்றன.

“ஓதுவார் ஒருவர் குரலிலே உருகிய நமக்கு இத்தனை வாத்தியங்கள் எதற்கு? சொல் அமுங்கிவிடுகிறதே!” என்பர் பெரியோர். திரைப்பாடலைப் போல உடனே நாவில் ஒட்டவில்லை என்பர் இளைஞர். இரண்டிலும் உண்மை உண்டு.

எனினும், நாம் வாழும் இந்நகரின் வரலாற்றையும் சற்றே எண்ணுவோம். 1881இல் ஜோடாசாங்கோ இல்லத்தில் அரங்கேறிய ‘வால்மீகி பிரதிபா’ இசை நாடகத்தில் தாகூர் அயர்லாந்து மெட்டுகளையும் எடுத்தாண்டார். அதனால் வால்மீகியின் பெருமை குன்றியதா?

நம் பிள்ளைகளுட் பலர் தமிழை எழுத்துக் கூட்டியே வாசிக்கின்றனர். திருவாசகத்தின் 51 பகுதிகளும் அவர்களுக்கு எட்டாக் கனியே. இவ்வாறு பாடல்களும் அவர்களுக்கு ஒரு வாயிலாகலாம். ஆனால் வாயிலிலேயே நின்றுவிடலாகாது. இசையைக் கேட்பிக்கும் மாலையில் நூலையும் விரித்துப் பொருள் கூறுங்கள். ஓதுவார் பாடும் முறையையும் கேட்கச் செய்யுங்கள். எது நெஞ்சை உருக்குகிறது என்பதைப் பிள்ளைகளே சொல்லட்டும்.