சைட் மூடுவது இரவு 11.50-க்கு, தாலுகா ஆபீஸ் 5.45-க்கு

ராசிபுரத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், இ-சேவை எல்லாம் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. பட்டுக்கூடு ஏலத்துக்கு வருகிறவர்களும் பத்திர நகல் எடுக்கிறவர்களும் வருஷம் முழுக்க வருவார்கள். ஆனால் கடை நிறைவது மேல்படிப்புச் சீசனில்தான். ஆகஸ்ட் கடைசிவாக்கில் கேட் தேர்வுக்கு விண்ணப்பம் திறக்கும். அதை ஒட்டியே ஐ.ஐ.டி.களின் ஜாம். டிசம்பர், ஜனவரியில் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் முதுநிலை. எம்.பி.ஏ., எம்.சி.ஏ. என்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட். டிகிரி முடித்த பிறகு அரசுக் கலைக் கல்லூரிகளின் எம்.ஏ., எம்.எஸ்சி. எந்தப் படிப்பு நல்லது என்பதைப் பேராசிரியர்கள் சொல்வார்கள். எந்தக் காகிதம் எந்த மேசையில் தேங்கும் என்பதை நான் சொல்கிறேன்.

"அக்கா, இன்னைக்குத்தான் கடைசி. எப்படியாச்சும் முடிச்சுக் குடுத்துருங்க" என்று ராத்திரி எட்டு மணிக்கு வந்து நிற்கிற பிள்ளைகள் உண்டு. க்யூட் சைட் வழக்கமாக இரவு 11.50-க்கு மூடும். இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கிறதே என்பது அவர்கள் கணக்கு. விவரம் நிரப்ப அரை மணி போதும்தான். "ஓ.பி.சி. சர்டிபிகேட் இருக்கா கண்ணு?" என்று நான் கேட்டதும், பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய சாதிச் சான்றிதழை எடுத்து நீட்டுவார்கள்.

அது மாநில அரசுக்கான பி.சி. அல்லது எம்.பி.சி. சான்றிதழ். மத்திய அரசுக் கல்வி நிறுவனங்களில் 27 சதவீத ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கிரீமி லேயரில் வராதவர் என்று மத்திய அரசின் படிவத்தில் தனியாகச் சான்று வேண்டும். அதுவும் நடப்பு நிதியாண்டில், ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாகக் கேட்பார்கள். குடும்ப வருமான வரம்பு 2017 முதல் ஆண்டுக்கு 8 லட்சம். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. இது தெரியாமல், "எங்கப்பா சம்பளமே பத்து லட்சம் வருதுங்க, நமக்குக் கிடைக்காது" என்று பொதுப் பிரிவில் போட்டுவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசில் உயர்பதவி வகிப்பவர்களுக்கும் நிலம் அதிகம் உள்ளவர்களுக்கும் தனி விதிகள் உண்டு. அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நாமக்கல் பக்கம் இன்னொரு சந்தேகம் வரும்: கோழிப்பண்ணை விவசாயமா? வருமான வரிச் சட்டம் அதை விவசாய வருமானமாகக் கணக்கிடுவதில்லை. பண்ணைக்காரர் வீட்டுப் பிள்ளை முதலில் ஆடிட்டரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது.

இ-சேவையில் விண்ணப்பிக்கக் கட்டணம் 60 ரூபாய். அதற்குப் பிறகு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்பு மேலே போகவேண்டும். டிசம்பர், ஜனவரியில் வி.ஏ.ஓ.க்களை வாக்காளர் பட்டியல் வேலைக்கு இழுத்துவிடுவார்கள். நடுவே பொங்கல் விடுமுறை. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கு எஸ்.டி. சான்றிதழ் தருவது கோட்டாட்சியர். அங்கே விசாரணைக்குத் தனியாக நாள் பிடிக்கும். அதனால் க்யூட் சைட் திறக்கும் வரை காத்திருக்காதீர்கள், தீபாவளி முடிந்த கையோடு சான்றிதழுக்குப் போடுங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். 11.50 என்பது கம்ப்யூட்டருக்கான நேரம். தாலுகா ஆபீஸ் மாலை 5.45 வரைதான்.

அடுத்த தொல்லை ஓ.டி.பி. இந்தப் பக்கத்தில் நிறைய அப்பாக்கள் லாரியிலோ, திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியிலோ வடக்கே இருப்பார்கள். பிள்ளை பதிவு செய்யும்போது கொடுத்தது அப்பாவின் நம்பர். அப்பா சத்தீஸ்கரில் டவர் கிடைக்காத ஊரில் துளை போட்டுக்கொண்டிருப்பார். ஓ.டி.பி. சில நிமிஷத்தில் காலாவதியாகிவிடும். பதிந்த செல் நம்பரையும் இ-மெயிலையும் திருத்த அவகாசத்தில்கூடப் பெரும்பாலும் மாற்றவிட மாட்டார்கள். சொந்த நம்பர், சொந்த இ-மெயில். கடைக்காரர் இ-மெயிலைப் போட்டுக்கொள்ளச் சொன்னால் அந்தக் கடையைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். என் தொழிலில் இருப்பவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இனிஷியல் இன்னொன்று. மார்க் ஷீட்டில் பேருக்குப் பின்னால் இருக்கும் எழுத்து ஆதாரில் முன்னால் இருக்கும். பான் கார்டில் அப்பா பெயரே முழுசாக விரிந்திருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் எப்படியோ அப்படி நிரப்பி, ஆதாரை அதற்கு ஏற்பத் திருத்திக்கொள்வதே வசதி. போட்டோ, கையெழுத்தின் கே.பி. அளவு தேர்வுக்குத் தேர்வு மாறும், அது என் வேலை, விடுங்கள்.

கடைசி நாளில் பணம் கட்டுவதுதான் பெரிய கண்டம். அக்கவுண்டில் பணம் கழிந்திருக்கும், சைட்டில் "பெயில்டு" என்று காட்டும். பணம் போய்விட்டது என்பதே விண்ணப்பம் சேர்ந்துவிட்டதற்கு அடையாளம் ஆகாது. கன்ஃபர்மேஷன் பக்கம் வந்தால்தான் சேர்ந்தது. வராவிட்டால் மறுபடியும் கட்டவேண்டி வரும். முதலில் கழிந்த தொகை பிறகு நிதானமாகத் திரும்பும். கையில் ஒரு தடவை கட்டும் காசோடு மட்டும் வந்த பிள்ளை அப்போது என்ன செய்யும்? மூன்று நாள் முன்னால் வந்திருந்தால் பேங்குக்குப் போய்க் கேட்கலாம்.

"எப்படியும் எக்ஸ்டெண்ட் பண்ணுவாங்க அக்கா" என்று ஒரு கூட்டம் இருக்கிறது. பண்ணுவார்கள்தான். 2025 க்யூட் முதுநிலைக்குப் பிப்ரவரி 1 என்றிருந்ததை 8 வரை நீட்டினார்கள். கேட் தேர்வில் கெடு தாண்டினாலும் வழி உண்டு, விலையோடு: 2026 தேர்வுக்குக் கட்டணம் 2,000 ரூபாய், தாமதமானால் 2,500, பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் 1,000, தாமதத்துக்கு 1,500. நீட்டிப்பு வரும் என்று நம்பி இருப்பவர்கள் அந்த நீட்டிப்பின் கடைசி ராத்திரியும் எட்டு மணிக்குத்தான் வருகிறார்கள். கொல்லிமலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் பிள்ளைகள் காலையிலேயே ஃபைலோடு உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலத்துக்குள் மலை ஏறும் பஸ்ஸைப் பிடித்தாகவேண்டுமே.

உள்ளூரிலேயே படிக்க நினைப்பவர்களுக்குச் செலவு குறைவு. அரசுக் கலைக் கல்லூரிகளின் முதுநிலைக்கு விண்ணப்பக் கட்டணம் 58 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயுமாக வாங்கி வந்தார்கள், எஸ்.சி., எஸ்.டி.க்கு வெறும் 2 ரூபாய். கல்லூரிகளிலேயே உதவி மையமும் வைத்திருக்கிறார்கள். ராசிபுரம் திருவள்ளுவர் கல்லூரியோ, நாமக்கல் அறிஞர் அண்ணா கல்லூரியோ, 1857-ல் தொடங்கிய சேலம் அரசுக் கல்லூரியோ, அங்கே போனால் எனக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

இப்போது ஜெர்மனிக்கு எம்.எஸ். போடும் இன்ஜினியரிங் பையன்களும் வருகிறார்கள். அங்கே பல பல்கலைக்கழகங்களுக்கு ஜூலை 15 கெடு. ஆனால் நம் நாட்டு மாணவர்கள் ஏ.பி.எஸ். என்ற சான்றிதழ் சரிபார்ப்பை முதலில் முடிக்கவேண்டும். விசாவுக்கு அது 2022 நவம்பர் முதல் கட்டாயம். அது வர வாரக்கணக்கில் ஆகும். அமெரிக்காவுக்கு என்றால் நேரத்தையும் பார்க்கவேண்டும்: நியூயார்க்கில் டிசம்பர் 15 நள்ளிரவு என்பது நமக்கு 16-ம் தேதி காலை பத்தரை. அங்கேயும் சிபாரிசுக் கடிதம் எழுதவேண்டிய பேராசிரியர் இங்கே ராத்திரி தூங்கத்தான் செய்வார்.

இத்தனையும் தாண்டித் தேர்வெழுதியவர்கள் கடைசியில் தடுக்குவது ஓர் இடத்தில். க்யூட் மார்க் வந்துவிட்டால் சீட் வீடு தேடி வராது. திருவாரூரிலுள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரி, ஹைதராபாத், டெல்லி என்று ஒவ்வொன்றும் தன் சைட்டில் தனியாகப் பதிவைத் திறந்து, தனித் தேதியில் மூடும். சில இடங்களில் கட்டணமும் தனி. நாளிதழில் பெரிதாக வராது, பல்கலைக்கழகத்தின் சைட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். அந்த வாரங்களில் என் கடையில் கூட்டமே இருக்காது. அதனால் ஜனவரியில் வந்தவர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிடுகிறேன்: "யுனிவர்சிட்டி சைட்ல பதிஞ்சாச்சா அம்மணி?" பலரிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்.

"க்யூட்தான் அப்பவே போட்டாச்சே அக்கா, மறுபடியும் என்ன?"