எறும்பு ஏறும் செடியில் செதில் பூச்சி

நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி, அரளி ஆகியவை ஆண்டு முழுவதும் பசுமை மாறாமல் நிற்பவை. அவற்றை நாம் வாசலிலும் பால்கனியிலும் விரும்பி வளர்ப்பது அதனாலேயே. செதில் பூச்சிக்கும் அதே காரணத்தால் அவை உகந்தவை. உணவு எக்காலத்தும் கிடைக்கிறது.

இலைமேல் கரி பூசியது போன்ற கருமை படர்ந்தால் தெருப்புகை என்றெண்ணித் துடைத்துவிடுகிறோம். சில நாட்களில் அது மீண்டும் படர்கிறது. அது ஒரு பூசணம். தண்டிலும் இலையின் அடிப்புறத்திலும் சிறு பழுப்புப் புடைப்புகளாய் ஒட்டியிருக்கும் செதில் பூச்சிகள், சாற்றை உறிஞ்சி வெளியேற்றும் இனிப்பு நீரில் அது வளர்கிறது. எறும்புகள் வருவதும் அந்த இனிப்புக்காகவே. கைம்மாறாக அவை, செதில்களைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டுகின்றன. ஆதலின் எறும்பைத் தடுப்பதே முதல் வேலை. சுவரைத் தொடும் கிளைகளை வெட்டலாம். தொட்டி வைத்த முக்காலியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தலாம். (கொசு பெருகாதிருக்க அந்நீரை அடிக்கடி மாற்றுதல் வேண்டும்.)

வளர்ந்த பூச்சியை மெழுகு ஓடு காக்கிறது. அதன்மேல் மருந்து எளிதில் பலிப்பதில்லை. ஓட்டின் கீழிருந்து வெளிவரும் குஞ்சுகளோ ஓடற்றவை. இடம் தேடி ஊர்ந்து திரிபவை. அக்குறுகிய காலமே நமக்கு வாய்ப்பு. இருபுறமும் ஒட்டும் நாடாவைக் கிளையில் சுற்றி வைத்தால், புள்ளிகளாய் ஒட்டிக்கொள்ளும் குஞ்சுகள் பூதக்கண்ணாடியில் தெரியும்.

முதலில் பழைய பல் துலக்கியைச் சோப்பு நீரில் தோய்த்துச் செதில்களைத் தேய்த்தெடுக்க வேண்டும். மிகுதியாய்த் தாக்குண்ட கிளைகளை வெட்டி அகற்ற வேண்டும். பின்னர் ஒரு லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். முன்னதாக ஓரிரு இலைகளில் சோதித்துக்கொள்வது நலம். பத்து நாள் இடைவெளியில் மும்முறை தெளித்தால், பின்னர்ப் பொரிக்கும் குஞ்சுகளும் அகப்படும்.

கடும் பூச்சிமருந்தை நாம் பரிந்துரைக்கவில்லை. கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பாழாக்கிய பஞ்சுச் செதில் பூச்சியை, 1888-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொணர்ந்த ஒரு சிறு பொறிவண்டு அடக்கியது. 1940-களில் அங்கு டி.டி.டி. தெளித்தபோது வண்டு மடிந்தது, பூச்சி திரும்பிவந்தது. பின்பு தெளிப்பைக் குறைத்து வண்டுகளை மீண்டும் விட வேண்டியதாயிற்று.

இறந்த செதிலும் உடனே உதிராது. ஆதலால், தெளித்தும் பயனில்லை என்று மனம் தளர வேண்டியதில்லை. நகத்தால் நசுக்கிப் பார்க்கலாம். ஈரம் கசிந்தால் உயிருள்ளது. உலர்ந்து பொடிந்தால் மடிந்தது.