நாலே நாள்ல ஒரு வருஷம்!

லேப்ல ஒரு ரீடிங் மட்டும் கிராஃபை விட்டு எகிறிக்கிட்டு நிக்குது. என்ன பண்ணுவீங்க? ரப்பரால அழிச்சிட்டு, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து 'கரெக்ட்' வேல்யூ போடுவீங்கதானே? முறைக்காதீங்க, ஊர் உலகமே பண்றதுதான்! ஆனா, ஒரு ஸ்டூடன்ட் அப்படி அழிக்காம விட்டதாலதான் வானவியலே தலைகீழா மாறிச்சு.

பேர் திதியே கெலோ. ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பிஹெச்.டி. மாணவர். 1994 கடைசியில், தெற்கு பிரான்ஸில் உள்ள வானாய்வகத்தில் 51 பெகாசி என்ற நட்சத்திரத்தைக் கவனிச்சுக்கிட்டிருந்தார். கிட்டத்தட்ட நம்ம சூரியன் ரகம். தூரம் சுமார் 50 ஒளியாண்டு.

கிரகம் சுத்தும்போது நட்சத்திரமும் லேசா ஆடும். நம்மை நோக்கி வந்தா அதன் ஒளி நீலப் பக்கம் நகரும், விலகினா சிவப்புப் பக்கம். ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது சைரன் சத்தம் மாறுமே... அதே டாப்ளர்தான்!

51 பெகாசி நொடிக்கு 50 மீட்டருக்கும் மேல் ஆடிச்சு. அதுவும் 4.2 நாளைக்கு ஒரு தடவை! கணக்குப் போட்டா, வியாழனில் பாதி எடையாவது உள்ள கிரகம், நம்ம புதனைவிட ஏழெட்டு மடங்கு நெருக்கத்தில் தன் சூரியனைச் சுத்துது. நம்ம வியாழன் ஒரு சுத்து முடிக்கவே கிட்டத்தட்ட 12 வருஷம் ஆகும். அவ்வளவு சூட்டில் ராட்சத கிரகம் உருவாக வாய்ப்பே இல்லைன்னு தியரி சொல்லிச்சு. கருவியில் கோளாறா, புரோகிராம்ல பிழையான்னு கெலோ மண்டையை உடைச்சுக்கிட்டார். கைடு மிஷேல் மேயரோ அப்போ ஹவாயில்.

1995 மார்ச்சில் நட்சத்திரம் சூரிய வெளிச்சத்தில் மறைஞ்சது. ரெண்டு பேரும் அவசரப்படலை. ஜூலையில் அது திரும்பத் தெரியும்போது எந்த ராத்திரி எந்த வேகத்தில் ஆடணும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு வெச்சாங்க. ஜூலை வந்தது. அச்சு அசலா பொருந்திச்சு! (மொத்தக் கதையிலும் எனக்குப் பிடிச்சது இந்தக் காத்திருப்புதான்.)

அக்டோபரில் புளோரன்ஸ் மாநாட்டில் அறிவிப்பு. சில நாள்லயே கலிஃபோர்னியாவின் லிக் ஆய்வகமும் உறுதி செஞ்சது. கடைசியில் மாற வேண்டியிருந்தது தியரிதான்: தூரத்தில் பிறந்து, உள்ளே நகர்ந்து வந்திருக்கணும்னு இப்போ விளக்கம் சொல்றாங்க. 2019 இயற்பியல் நோபலில் பாதி மேயருக்கும் கெலோவுக்கும். கிரகத்துக்கு 2015ல் வெச்ச பேர் டிமிடியம். லத்தீன்ல அதுக்கும் 'பாதி'ன்னுதான் அர்த்தம்!

2025ல் வெளிக்கிரகங்களின் கணக்கு 6,000ஐத் தொட்டாச்சு. 51 பெகாசியில் தெரிஞ்சது இன்னும் அந்த ஒண்ணே ஒண்ணுதான். அக்டோபர், நவம்பர் ராத்திரியில் தலைக்கு மேலே பெகாசஸின் பெரிய சதுரம் தெரியும். அதன் மேற்கு விளிம்புக்குச் சற்று வெளியே, நடுவாக்கில் தேடுங்க. நல்ல இருட்டா இருந்தா வெறும் கண்ணுக்கே மங்கலா சிக்கும்.